சூம் கமராவை விற்பதா, வைத்திருப்பதா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கனடாவிலிருந்து வந்த மாமா 20 மடங்கு சூம் உள்ள சின்ன டிஜிட்டல் கமரா ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். என்னிடம் ஓரளவு நல்ல போன் இருக்கிறது. கமராவை விற்றுவிடலாமா?”

விற்காதீர்கள். முதலில் ஒரு காலையில் அதோடு திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். மரத்தடியில் படுத்திருக்கும் புள்ளிமான் மிரண்டு எழும்பாத தூரத்தில் நின்று, சூமை முழுக்க இழுங்கள். காதோரத்து மயிர்கூடத் தெரியும். போனில் விரலால் விரிக்கும்போது, ஓர் அளவுக்கு மேல் அது படத்தை வெட்டிப் பெருப்பிக்கிறது, அவ்வளவுதான். கமராவில் லென்ஸே நகர்ந்து காட்சியைக் கிட்டக் கொண்டுவருகிறது. மெனுவில் ‘டிஜிட்டல் சூம்’ என்று ஒன்று இருக்கும். அது போன் செய்யும் அதே வேலை, நிறுத்திவிடுங்கள்.

இரவில் சுவாமி வெளிவீதி வரும்போது கதை மாறும். இந்த வகைக் கமராக்களில் வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சென்சார் பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் அகலம்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. போதாததற்கு, சூமை இழுக்க இழுக்க லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக்கூடக் குறையும். முகங்கள் கலங்கும், இருட்டெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். பெட்டியில் எழுதியிருக்கும் மெகாபிக்சல் இதற்கு உதவாது. போனோ பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துச் சமாளித்துவிடும். இரவுக்குப் போன்தான்.

பட்டனை அழுத்தியும் படம் பிந்தி விழுகிறதா? பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து வைத்திருங்கள். மான் தலை திருப்பும் நேரத்தில் மீதியை அழுத்தினால் போதும்.

இந்தக் கமராவுக்கு உண்மையான எதிரி மணல். என் முதல் கமரா நிலாவெளியில் போனது. துவாய்க்கு மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து திறந்தால் லென்ஸ் ‘கிர்ர்’ என்று பாதி வந்து நின்றுவிட்டது. திருத்தக் கேட்ட காசுக்கு இன்னொன்று வாங்கலாம். கடற்கரைக்கு ஸிப் வைத்த பை ஒன்று கொண்டுபோங்கள், காற்று அடிக்கும்போது லென்ஸை வெளியே விடாதீர்கள். புறாத்தீவில் தண்ணீருக்குள் இறங்குவதென்றால் கமரா படகிலேயே இருக்கட்டும். நீருக்குள் எடுக்கும் கமரா வேறு இனம்.

அப்புறம், ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் புகை மூடும். துடைக்க வேண்டாம், பையை மூடியபடியே கால் மணி நேரம் வெளியில் வைத்திருந்துவிட்டு எடுங்கள்.