அழித்தாலும் திரும்பி வரும் இன்ஜின் லைட்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2014 மாடல் டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறினால் மஞ்சள் இன்ஜின் லைட் எரிகிறது, வண்டி இழுப்பதில்லை. ஸ்கேன் போட்டதில் பி0401, பி0299 என்று இரண்டு எரர் வந்தது. ஈஜிஆர் வால்வைப் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) புதிதாக மாற்றியும் மூன்றாம் நாளே லைட் வந்துவிட்டது. அடுத்து டர்போவை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(வாசகர், வத்தலக்குண்டு)

பதில்: டர்போவுக்கு இப்போது அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

பி0401 வந்தால் ஈஜிஆர் வால்வு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எதிர்பார்த்த அளவுக்குப் புகை இன்ஜினுக்குத் திரும்பி வரவில்லை என்று ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைக்கிறது, அவ்வளவுதான். பி0299 என்பது, கேட்ட அளவுக்கு டர்போ பிரஷர் ஏறவில்லை என்பது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்து வருகிறதே, அதுதான் துப்பு. பெரும்பாலான டீசல் வண்டிகளில் திரும்பி வரும் புகையை நேராக அளக்க சென்சார் கிடையாது. ஏர் ஃபில்டரை ஒட்டியிருக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ளே போகும் புதுக்காற்றை அளக்கும். ஈஜிஆர் திறந்தால் புகை இடத்தைப் பிடிப்பதால் அந்த அளவு குறைய வேண்டும். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஹோஸ் கிழிந்திருந்தால், சென்சாரைத் தாண்டிய காற்றில் ஒரு பங்கு வெளியே ஓடிவிடும். சென்சார் கணக்கில் காற்று குறையாது. ஈசியூ பழியை ஈஜிஆர் மேல் போடும். பிரஷரும் ஏறாது. ஒரு கிழிசலுக்கு இரண்டு எரர்!

அடுத்த முறை லைட் வந்ததும் எரரை அழிக்க விடாதீர்கள். அதோடு சேர்ந்து பதிவாகும் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ விவரத்தை முதலில் எழுதி வாங்குங்கள். எரர் விழுந்த நொடியில் ஆர்பிஎம், லோடு, இன்ஜின் சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். ஏற்றத்தில், அதிக லோடில் விழுந்திருந்தால் காற்றுக் கசிவின் மேல்தான் முதல் சந்தேகம்.

இன்ஜின் ஆறியபின் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புவது) போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றுங்கள். மேலே இருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ, கிளிப் உட்காரும் விளிம்பிலோ இருக்கும். கையால் வளைத்தால்தான் வாய் திறக்கும். வெளியே ஆயில் ஈரமும் அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் இருந்தால் அங்கேதான் கசிவு. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் டர்போவின் காற்று நுழைவாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியே ரெகுலேட்டர் வைத்து 0.7 முதல் 1 பார் வரை மட்டும் காற்று கொடுத்து, சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை அப்படியே திறந்துவிட்டால் மூடி பறந்து முகத்தில் அடிக்கும். கிழிந்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது மலையில் பாதி வழிகூடத் தாங்காது.

ஹோஸ் சரியாக இருந்தால் மெல்லிய வேக்குவம் டியூப்களைப் பாருங்கள். சில மாடல்களில் ஈஜிஆர், டர்போ இரண்டுமே இவற்றால்தான் இயங்கும். சூட்டில் காய்ந்து வெடித்த ஒரே டியூப் இரண்டையும் முடக்கும். வேக்குவத்தில் இயங்கும் விஜிடி டர்போ (உள்ளே தகடுகளின் கோணம் மாறும் வகை) என்றால், ஸ்டார்ட் செய்ததும் அவற்றை அசைக்கும் ஆக்சுவேட்டர் ராடு அசைய வேண்டும்.

டர்போ பிரஷரை அளக்கும் பூஸ்ட் சென்சாரைச் சோதிக்க எதையும் கழற்றத் தேவையில்லை. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பாருங்கள்: சமவெளியில் ஏறக்குறைய 100 கிலோ பாஸ்கல், கொடைக்கானலில் 80க்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். மிகவும் விலகினால் சென்சாரோ அதன் வயர் கப்ளரோ சரியில்லை.

இன்னொன்று. செகண்ட் ஹேண்ட் வண்டி என்கிறீர்கள். மைலேஜுக்காக ஈஜிஆர் பைப்பில் தகடு வைத்து அடைத்துவிடும் பழக்கம் உண்டு. பழைய ஓனர் அப்படிச் செய்திருந்தால் எத்தனை புது வால்வு போட்டாலும் பி0401 வரும். தகடு இருந்தால் எடுத்துவிட்டு, புது கேஸ்கெட் போட்டு, பைப்பில் அடைந்த கரியையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாரின் மேல் மட்டும் கார்புரேட்டர் கிளீனர் அடிக்காதீர்கள். அதற்கென்று தனி ஸ்ப்ரே கிடைக்கிறது.

இத்தனைக்கும் பிறகுதான் டர்போ. காற்று வரும் பைப்பைக் கழற்றி ஷாஃப்ட்டைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. உள்ளும் வெளியுமாக ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோ அப்போது மாற்றுங்கள்.

சரிசெய்தபின் எரரை அழிக்காவிட்டாலும் பரவாயில்லை. பொதுவாக, குறை வராமல் மூன்று ஓட்டச் சுழற்சி (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, நிறுத்துவது ஒரு சுழற்சி) முடிந்தால் லைட் தானே அணையும். அது தானாக அணைந்தால் உங்கள் வேலை சரி.

கேள்வி: போனில் இணைக்கும் சிறிய ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கினால் மெக்கானிக்கிடம் போகாமல் சமாளிக்கலாமா?
(வாசகி, திருப்பூர்)

பதில்: பி0 என்று தொடங்கும் பொது எரர்களைப் படிக்க அது போதும். பி1 என்று தொடங்குபவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாதாரண ஆப் தவறான அர்த்தம் காட்டலாம். பார்த்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி ஆஃப் ஆனாலும் பேட்டரி கரண்ட் இருக்கும். பல நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கலாம்.

கேள்வி: பெட்ரோல்-சிஎன்ஜி பிக்கப்பில் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது, வண்டி குலுங்குகிறது. பி0302 என்று வருகிறது.
(வாசகர், ஓசூர்)

பதில்: மின்னினால் ஓட்டாதீர்கள். எரியாத எரிபொருள் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிவிடும். பி0302 என்றால் 2ஆம் சிலிண்டர் மிஸ் ஆகிறது, அதாவது அதில் எரிபொருள் ஒழுங்காக எரியவில்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் (பிளக்குக்கு அதிக வோல்டேஜ் தருவது) உள்ள வண்டி என்றால் 2ஆம் காயிலை 3க்கு மாற்றிப் போட்டு, எரரை அழித்து ஓடவிடுங்கள். எரர் பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் இதேபோல் பிளக்கை மாற்றிப் பாருங்கள். பெட்ரோலில் ஒழுங்காக ஓடி சிஎன்ஜியில் மட்டும் மிஸ் ஆனால் பழைய பிளக் மேல்தான் முதல் சந்தேகம். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும், தேய்ந்த பிளக் அதில் தோற்கும்.