கோட்டுக்குள் ஓட்டை தேடுவது: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு நிரலை ஓட விடாமல், அதன் கோட்டை (code) எழுதியபடியே வாசித்து அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளைக் காட்டும் ஸ்கேனர்களைப் பற்றி நம் பக்கத்துத் தம்பி தங்கைகள் பலர் கேட்டிருந்தார்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

கொட்டகலை: அக்கா, கொழுந்து நிறுவைக் கணக்குக்கு பைத்தானில் ஒரு செயலி எழுதினேன். பாண்டிட் என்ற ஸ்கேனரைப் போட்டு ஸ்கேன் பண்ணினால் திரை நிறைய எச்சரிக்கை. எங்கிருந்து தொடங்குவது?

பயப்படாதீங்க தம்பி. நீங்கள் அனுப்பிய பட்டியலில் முக்கால்வாசி, ‘இது உண்மையாக இருக்க வேண்டும்’ என்று சோதிக்கும் ‘அஸர்ட்’ வரிகளைப் பற்றியது. எல்லாமே டெஸ்ட் கோப்புறையிலிருந்து வருகிறது. டெஸ்டில் அஸர்ட் இருக்கத்தான் வேண்டும். அந்தக் கோப்புறையை விட்டுவிட்டு, நடுத்தரத் தீவிரமும் அதற்கு மேலும் உள்ளதை மட்டும் காட்டச் சொல்லி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கைக்கு அடக்கமான பட்டியல் வரும்.

மிஞ்சுவதில் இரண்டை இன்றைக்கே திருத்துங்கள். முதலாவது, இணையச் செயலி கட்ட நீங்கள் பாவிக்கும் ஃபிளாஸ்க்கில், பிழை தேட உதவும் டீபக் நிலை திறந்தே கிடக்கிறது. எழுதும்போது அது வசதிதான். சேவையகத்தில் அப்படியே ஏற்றினால், பிழை வரும் பக்கத்திலிருந்தே வெளியாள் உங்கள் கணினியில் கட்டளை ஓட்ட வழி பிறக்கும்.

இரண்டாவது, தேடல் பக்கம். தொழிலாளியின் இலக்கத்தை அடித்தால் அந்த மாத எடையைக் காட்டுகிறது, இல்லையா? பெட்டியில் அடித்த எழுத்துகளை அப்படியே, தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்கியூஎல் வாக்கியத்தின் வாலில் கூட்டல் குறி போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். 1042 என்று அடிப்பவருக்கு 1042 இன் கணக்கு வரும். 1042 ஐ அடித்து, பின்னால் ‘அல்லது 1=1’ என்பதை எஸ்கியூஎல் மொழியில் சேர்த்து அடிப்பவருக்கு எல்லோருடைய கணக்கும் வந்து விழும். 1=1 எப்போதும் உண்மை என்பதால் எந்த வரியும் வடிகட்டப்படாது.

திருத்துவது லேசு. வாக்கியத்தில் மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி மட்டும் வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள். நீங்கள் பாவிக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் அப்படித்தான். தரவுத்தளம் அதை வெறும் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடறல் உண்டு: அட்டவணையின் எந்த நெடுவரிசையால் (column) வரிசைப்படுத்துவது என்பதை பயனர் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கேள்விக்குறி வேலை செய்யாது. அங்கே திகதி, எடை, இலக்கம் என்று நீங்களே ஒரு பட்டியல் வைத்து, அதில் இல்லாத எதையும் மறுத்துவிடுங்கள்.

பதுளை: எது உண்மையான ஓட்டை, எது வெறும் சத்தம் என்று எப்படிப் பிரிப்பது?

தங்கச்சி, நான் ஒவ்வொரு எச்சரிக்கையிலும் மூன்று விஷயம் பார்ப்பேன். இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? கடைசியில் எங்கே போய் விழுகிறது? நடுவில் யாராவது சோதித்தார்களா? படிவம், இணைய முகவரி, பதிவேற்றிய கோப்பு, இன்னொரு சேவையின் பதில் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. விழும் இடம் எஸ்கியூஎல், இயங்குதளக் கட்டளை, கோப்புப் பாதை, எச்டிஎம்எல் பக்கம் ஆகியவற்றில் ஒன்றானால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நிரலுக்குள்ளேயே நீங்கள் எழுதி வைத்த மாறாத சொல்தான் அங்கே போகிறது என்றால் கடந்து போகலாம்.

பாண்டிட் பெரும்பாலும் வரியின் வடிவத்தைப் பார்த்துக் கை நீட்டும். கோட்கியூஎல், செம்கிரெப் போன்ற வேறு ஸ்கேனர்கள் மதிப்பு போகும் வழியையும் பின்தொடரும். சத்தம் அதனால் குறையும், அறவே நிற்காது. எந்த நிரலுக்கும் பிசகாமல் தீர்ப்புச் சொல்லும் கருவி இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ரைஸ் 1953 இலேயே கணித முறையில் நிறுவிவிட்டார். ஆகவே கடைசி வாசிப்பு உங்களுடையது.

ஒன்றைத் தள்ளிவிட முடிவு செய்தால், இந்த வரியை விட்டுவிடு என்று பாண்டிட்டுக்குச் சொல்லும் ‘நோசெக்’ குறிப்போடு காரணத்தையும் அதே வரியில் எழுதுங்கள். காரணமில்லாத நோசெக்கைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது. ஆறு மாதம் கழித்து அந்தக் கோட்டைத் தொடுபவருக்கு அது சோதித்து விட்டதா, சலித்து விட்டதா என்றே தெரியாது.

ஹப்புத்தளை: ஸ்கேன் செய்தேன், ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இனி பயமில்லையா?

பயம் இருக்கட்டும். சம்பளச் சீட்டைப் போனில் பார்க்கும் செயலி என்று எழுதியிருந்தீர்கள். உள்நுழைந்தபின் முகவரிப் பட்டையில் சீட்டின் இலக்கம் தெரிகிறதா? அந்த இலக்கத்தை ஒன்று கூட்டிப் பாருங்கள். பக்கத்து லயத்து அக்காவின் ஈபிஎஃப் கழிவும் அடையாள அட்டை இலக்கமும் வந்தால், அதுதான் பெரிய ஓட்டை. ஸ்கேனர் இதைப் பெரும்பாலும் பிடிக்காது. இன்னாரின் சீட்டை இன்னார்தான் பார்க்கலாம் என்ற விதி உங்கள் மனதில் இருக்கிறது, கோட்டில் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாத விதி மீறப்பட்டதை அது எப்படிக் கண்டுகொள்ளும்? இணையச் செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஓட்டைப் பட்டியலில் இந்த வகை அணுகல் கட்டுப்பாட்டுப் பிழைதான் முதலிடம். சீட்டைத் தேடும் ஒவ்வொரு இடத்திலும், அது உள்நுழைந்தவருக்கு உரியதுதானா என்ற நிபந்தனையைச் சேருங்கள். இரண்டு சோதனைக் கணக்கு திறந்து, ஒன்றால் மற்றதன் சீட்டைத் திறக்க முயலும் டெஸ்ட் ஒன்றும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாத கோட். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வெளியானபோது ஜாவா நிரல்கள் எத்தனையோ ஆடிப்போயின. ஓட்டை இருந்தது அவை இழுத்துவந்த, பிறர் எழுதிய லாக்4ஜே நூலகத்தில் (library). உங்கள் பைத்தான் நூலகப் பட்டியலை, தெரிந்த ஓட்டைகளோடு ஒப்பிடும் பிப்-ஆடிட் கருவி கொண்டு தனியாகச் சோதியுங்கள்.

தலவாக்கலை: தரவுத்தளக் கடவுச்சொல் கோட்டிலேயே இருந்தது. ஸ்கேனர் சொன்னதும் அழித்து, மாற்றத்தை கிட்டில் பதிந்து (கமிட்) விட்டேன். சரிதானே?

சரியில்லை தம்பி. கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட்டின் பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். கடவுச்சொல் போன்ற ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸை ஓட்டினால் பழைய கமிட்டுகளில் வேறு என்ன கிடக்கிறது என்றும் தெரிந்துவிடும்.

மஸ்கெலியா: மழை பிடித்தால் இங்கே இணையம் இழுத்துக்கொண்டு நிற்கும். இதெல்லாம் ஓடுமா?

பாண்டிட்டை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டாம். செம்கிரெப்பின் விதிக் கோப்புகளை சிக்னல் உள்ள நாளில் இறக்கி வைத்து, அந்தக் கோப்பைக் காட்டி ஓட்டுங்கள். பிப்-ஆடிட்டுக்கு மட்டும் இணையம் கட்டாயம்.

பண்டாரவளை, ஆசிரியர்: மாணவர்கள் கடவுச்சொல்லை எம்டி5 என்ற முறையில் சுருக்கக் குறியாக (hash) மாற்றிச் சேமிக்கிறார்கள். ஸ்கேனர் சிவப்பு காட்டுகிறது. என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

சேர், ஸ்கேனர் சொல்வது நியாயம். எம்டி5 மிக வேகமானது. அந்த வேகமே ஊகித்துப் பார்ப்பவனுக்கு வசதி. கடவுச்சொல்லுக்கென்றே மெதுவாகச் செய்யப்பட்ட ஆர்கான்2 அல்லது பிகிரிப்ட் பழக்குங்கள். கோப்பு ஒன்றா என்று ஒப்பிட மட்டும் எம்டி5 பாவித்தால், பைத்தான் 3.9 இலிருந்து அது பாதுகாப்புக்கல்ல என்று அந்த வரியிலேயே குறிப்பிடலாம், பாண்டிட்டும் அடங்கிவிடும்.

நுவரெலியா: எங்கள் டவுனில் ஒரு விடுதியின் முன்பதிவுத் தளம் பலவீனமாகத் தெரிகிறது. அந்த 1=1 ஐ அடித்துப் பார்க்கட்டுமா?

வேண்டாம் தம்பி. உங்கள் கோட்டை நீங்கள் ஸ்கேன் செய்வது வேறு, அடுத்தவர் தளத்தில் அடித்துப் பார்ப்பது வேறு. அனுமதியில்லாமல் நுழைவது இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம்; நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது காப்பாற்றும் என்று நம்பி இறங்காதீர்கள். விடுதிக்காரரிடம் போய், தளத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டு, அந்தக் கோட்டைப் பார்க்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேதி, எந்தெந்தப் பகுதி, கண்டதை யாருக்குச் சொல்வது என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். கிடைத்ததும் கோட்டின் நகலை உங்கள் கணினியில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள், அவர்களுடைய சேவையகத்தைத் தொட வேண்டாம்.