தீட்டிய சவரக்கத்தி முகத்துக்குத் தயாரா? – கேள்வி பதில்

குன்னூரில் பல ஆண்டுகளாகச் சவரக்கத்திகளைத் தீட்டிக் கொடுத்துவருகிறேன். பிளேடு மாட்டும் கத்தியைப் பற்றியல்ல, கல்லில் தீட்டித் தோல்வாரில் இழுக்கும் பழைய மடக்குக் கத்தியைப் பற்றி மலை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோத்தகிரி வாசகர்: ஐயா, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தாவின் 'சோலிங்கன்' (கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர்) கத்தியை 1000, 4000, 8000 நம்பர் கற்களில் (நம்பர் ஏற ஏறக் கல் நுண்மையாகும்) தீட்டினேன். தொங்கும் தலைமுடியை அது வெட்டுகிறது. முகத்தில் வைத்தால் இழுக்கிறது. குறை எங்கே?

குறை பெரும்பாலும் பிசிறில் இருக்கும். ஒரே பக்கத்தை அதிக நேரமோ அதிக அழுத்தத்துடனோ தீட்டும்போது, வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், ஓரத்தில் எஃகு மெல்லிய இழையாக மறுபக்கம் மடிந்து நிற்கும். அந்த இழையும் முடியை வெட்டும் என்பதால் முடிச் சோதனை நம்மை ஏமாற்றிவிடுகிறது. முகத்தில் ஏறியதும் பிசிறு வளைந்தோ ஒடிந்தோ போக, அதன் கீழுள்ள மழுங்கிய வாய்தான் வேலை செய்கிறது. 8000 நம்பர் கல்லில், கத்தியின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் சேர்க்காமல், ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கத்தை மாற்றி இருபது முப்பது முறை இழுத்துவிட்டு மீண்டும் முடியில் பாருங்கள். முன்பு வெட்டிய கத்தி இப்போது வெட்ட மறுத்தால், முதலில் வெட்டியது பிசிறுதான் என்பது உறுதியாகும். அப்போது 4000 நம்பர் கல்லுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், நானும் எத்தனையோ முறை திரும்பியிருக்கிறேன்.

குன்னூர் வாசகர்: அதே கத்தி ஒரு நாள் முடியை வெட்டுகிறது, மறுநாள் வெட்டுவதில்லை. மூடுபனிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் கத்தியைவிட முடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மனித முடி காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீளும், காய்ந்தால் சுருங்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் சொசூர் என்ற அறிஞர் 1783இல் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விளக்கி நூல் எழுதினார். ஈரம் ஏறிய முடியும் காய்ந்த முடியும் ஒரே வாய்க்கு ஒரே மாதிரி விடை சொல்வதில்லை. அதோடு, நம் வீடுகளில் எண்ணெய் படாத தலை அரிது. எண்ணெய் முடி வாயில் சிக்காமல் வழுக்கிவிடும். முடியின் தடிமனும் ஆளுக்கு ஆள், ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் வரை மாறுகிறது. ஆகவே ஒரே ஆளின் முடியைச் சோப்புப் போட்டு அலசி உலர்த்தி, ஒரு தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு, எப்போதும் ஒரே முனையைப் பிடித்து, விரலிலிருந்து ஒரே தூரத்தில் வாயின் மேல் இறக்குங்கள். விரலுக்கு நெருங்கிய இடத்தில் முடி விறைப்பாக நிற்பதால் சுமாரான கத்தியும் வெட்டிவிடும். நேற்றைய வாயையும் இன்றைய வாயையும் ஒப்பிட இச்சோதனை உதவும். தனியாக நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அதற்கு இல்லை என்பதே என் கருத்து.

உதகை வாசகர்: பழைய சலூன்காரர் ஒருவர் கட்டைவிரல் நகத்தில் கத்தியை இழுத்துப் பார்ப்பார். நானும் செய்யலாமா?

1000 நம்பர் கல்லின் கட்டத்தில் மட்டும் செய்யலாம். நனைத்த நகத்தின் மேல் கத்தியின் எடை மட்டும் படும்படி, அலகின் அடியிலிருந்து நுனிவரை இழுத்தால், நல்ல வாய் ஒரே சீராகப் பற்றிக்கொண்டு போகும். மழுங்கிய இடம் வழுக்கும், பல் விழுந்த இடம் தடக்கென்று தட்டும். மெருகேறிய வாயில் இதைச் செய்தால் சோதனையே வாயைக் கெடுத்துவிடும். இரு கட்டத்துக்கும் முன்கை ரோமமே போதும்: 1000 நம்பர் கல்லிலிருந்து எழுந்த வாய் தோலை ஒட்டி ரோமத்தை மழிக்க வேண்டும், 8000 நம்பர் கல்லைக் கடந்த வாய், தோலைத் தொடாமல் சற்று மேலேயே ரோமத்தின் தலையைக் கொய்ய வேண்டும்.

கேத்தி வாசகர்: நடுப்பகுதி நன்றாக வெட்டுகிறது, பிடியை ஒட்டிய பகுதி வெட்டுவதே இல்லை.

அந்தப் பகுதி கல்லைத் தொடவில்லை. வாய்ச்சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை தடவி, முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படியும்படி இரண்டு இழுப்பு இழுங்கள். மை அழியாத இடம் கல் தொடாத இடம். பழைய கத்திகளில் அலகு சற்று முறுக்கேறியிருப்பது வழக்கம், அதற்குக் கத்தியைக் கல்லில் குறுக்குச் சாய்வாக, ஒரு எக்ஸ் குறி போடுவது போல இழுக்க வேண்டும். கல்லே நடுவில் குழிந்திருந்தாலும் இக்குறை வரும். முதலில் கல்லைச் சமப்படுத்துங்கள். தீட்டும்போது கல்லின் மேலுள்ள தண்ணீர், வாய்க்கு முன்னால் ஒதுங்காமல் அலகின் மேல் ஏறி வருகிறதா என்றும் கவனியுங்கள். ஏறும் இடத்தில் வாய் கல்லோடு படிந்திருக்கிறது.

கூடலூர் வாசகர்: லென்ஸ் இல்லாமல் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். விளக்கின் கீழ் வாய் மேல்நோக்கி இருக்கும்படி கத்தியைப் பிடித்து மெதுவாக அசையுங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே மழுங்கல் இருக்கிறது. வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகும் 10 மடங்கு லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

கொடைக்கானல் வாசகர்: நேற்று எல்லாச் சோதனையிலும் தேறிய கத்தி ஒரு வாரம் கிடந்ததும் தேறவில்லை. தேங்காய் எண்ணெய் பூசித்தான் வைத்தேன்.

வாயில் துரு பிடித்திருக்கும். மலையின் ஈரத்தில் கார்பன் எஃகு வெகு விரைவில் கறுக்கும். வாய் மிக மெல்லியதாகையால், கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளிகூட அங்கே பள்ளமாகிவிடும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைவதால், நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அது சீராகப் பரவாது. துடைத்துக் காயவைத்துத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசிக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். நீலகிரித் தைலம் பிசுக்கை எடுக்க உதவும்; ஆவியாகிவிடுவதால் காவலுக்கு ஆகாது.

மற்றொரு குன்னூர் வாசகர்: தோல்வாரில் இழுப்பதற்கு முன் சோதிப்பதா, பின்பா?

இரண்டு முறையும். தோல்வாரில் முதுகு முன்னே செல்ல 50 அல்லது 60 முறை இழுத்தபின் வாய் முன்பைவிட மென்மையாக வெட்ட வேண்டும். மோசமானால் வார் தொய்ந்திருக்கிறது, அல்லது திருப்பும்போது வாய் முதுகுக்கு முன்பே தோலைத் தொடுகிறது.

உதகையிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் முகத்தில் எப்படிச் சோதிப்பது?

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த தாடியில் சோதித்துவிட்டுக் கத்தியைக் குறை சொல்பவர்கள் நம் ஊரில் அதிகம். வெந்நீரால் இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நுரை பூசி, கன்னத்தில் காதோரமிருந்து கீழ்நோக்கி, முகத்துக்கும் அலகுக்கும் ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில், ஒரு விரல் நீளம் மட்டும் மழியுங்கள். சத்தம் சீராக இருந்து, இழுப்பு இல்லாமல், கழுவிய பின் எரிச்சலும் இல்லையென்றால் கழுத்துக்குப் போகலாம். மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் கடைசியில்தான் வர வேண்டும், ஏனெனில் அங்கே ரோமம் தடித்தது, சற்றே மழுங்கிய வாயும் அங்கேதான் முதலில் தடுமாறும்.