குளச்சலில் மீன் லோடு ஏற்றும் பழைய லாரியில் சாவி திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, ஸ்டார்ட்டரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். குளச்சலில் மீன் லோடு ஏற்றும் வண்டி என்கிறீர்கள். உப்புக்காற்றில் வயர் முனைகள்தான் சீக்கிரம் கெடும். பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) இறங்கும் எர்த் பட்டையைக் கழற்றிப் பாருங்கள்; அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தால் உப்புத்தாளால் செம்பு பளபளக்கத் தேய்த்து இறுக்குங்கள். பல வண்டிகள் இதிலேயே ஓடிவிடும்.

அப்புறம் வோல்ட் மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் சாவி திருப்பும்போது பேட்டரி 18-க்குக் கீழே இறங்கினால், முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தாலும் அப்படித்தான். பேட்டரியும் இறங்காமல், ஒரே ‘டக்’கோடு நின்றால் கோளாறு பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்குள்: மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டின் காண்டாக்ட் கருகியிருக்கும். இரண்டையும் தனியாக மாற்றலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் மட்டும் ஸ்டார்ட்டரில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.