பதிவுப் படிவத்தில் பெயர், கைப்பேசி எண், பின்கோடு, பான் ஆகியவற்றைச் சரிபார்க்க எந்த ரெஜெக்ஸ் எழுத வேண்டும்?

கேள்வியைப் படித்தபோது, நீங்கள் அண்மையில்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும், வாடிக்கையாளர் பதிவுப் படிவம் ஒன்றை இந்த வாரத்துக்குள் முடித்துத் தரும்படி உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எனக்குத் தோன்றியது. பெயர், கைப்பேசி எண், பின்கோடு, பான், வங்கியின் ஐஎஃப்எஸ்சி என ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ரெஜெக்ஸ், அதாவது தட்டியது உரிய வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சூத்திரம், கேட்டிருக்கிறீர்கள். பெயர்ப் பெட்டிக்கு மட்டும் ‘ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் மட்டுமே, முதல் பெயரும் கடைசிப் பெயரும் கட்டாயம், ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று எழுத்து’ என்ற விதியை நீங்களே எழுதிவிட்டு, அது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மற்ற பெட்டிகளுக்குத் தாராளமாக விதி எழுதுங்கள். பெயருக்கு எழுதிய விதியை மட்டும் இன்றே நீக்கிவிடுங்கள்.

ஒரு ஸ்டிரிங்கின் (தட்டிய எழுத்துத் தொடரின்) வடிவத்தைச் சோதிக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பான் எண்ணை வருமான வரித் துறை வழங்குகிறது. முதலில் ஐந்து எழுத்து, பிறகு நான்கு இலக்கம், இறுதியில் ஓர் எழுத்து என்று அதன் வடிவத்தையும் அந்தத் துறையே வகுத்திருக்கிறது. தனிநபருக்கு நான்காவது எழுத்து ‘பி’யாக இருக்கும். ஐஎஃப்எஸ்சி பதினொரு இடங்கள் கொண்டது. முதல் நான்கு இடங்கள் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது இடத்தில் எப்போதும் சுழியம், எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பவை. ஐந்தாவது இடத்தில் சுழியத்துக்குப் பதிலாக ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுவது மிகப் பரவலான பிழை. அங்கே வேறு எதுவும் வர முடியாது என்பது நமக்கு உறுதியாகத் தெரிந்திருக்கும்போது, சிவப்பில் எச்சரிக்காமல் நாமே திருத்திக் காட்டுவதுதான் மரியாதை. ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹூஃப் முறையில் கணக்கிடப்படும் சோதனை இலக்கம். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-ல் வெளியிட்ட அந்த முறை, ஓர் இலக்கம் மாறினாலும் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் தவறாமல் காட்டிக்கொடுக்கும். வெறும் ‘பன்னிரண்டு இலக்கம்’ என்று சோதிக்கும் ரெஜெக்ஸால் இதைச் செய்ய முடியாது. எனவே இந்த இடத்தில் கணக்கு எழுதுங்கள், ரெஜெக்ஸ் போதாது. இவை அனைத்திலும் தட்டச்சுப் பிழையைப் பயனருக்கு முன்கூட்டியே சொல்லி உதவுகிறோம். யாருடைய அடையாளத்தையும் தீர்ப்புக்கு உட்படுத்தவில்லை.

பெயரை எந்தத் துறையும் வடிவம் வகுத்து வழங்கவில்லை. நான் சென்னையில் தரமணியில் உள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆயினும் இதை நான் அலுவலகத்தில் கற்கவில்லை, என் அப்பாவுக்கு நேர்ந்ததிலிருந்துதான் உணர்ந்தேன்.

அப்பாவின் பெயர் கதிரேசன். தாத்தா சண்முகத்தின் முதல் எழுத்து அதற்கு முன்னால் நிற்கும், ஆங்கிலத்தில் எஸ். கதிரேசன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று அம்பத்தூரில் இருக்கிறார். ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மருத்துவக் காப்பீடு எடுக்க அவரே உட்கார்ந்து படிவத்தை நிரப்பியபோது, கடைசிப் பெயர் கட்டாயம் என்று அது நின்றுவிட்டது. ‘எஸ்’ என்று தட்டினார். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்றது. புள்ளி வைத்துப் பார்த்தார். சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை என்றது. அரசுப் படிவங்களில் பொருந்தாத கட்டங்களில் எழுதிப் பழகிய வழக்கப்படி ‘நாட் அப்ளிகபிள்’ என்று அதில் எழுதினார். படிவம் உடனே ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் அது ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் கொண்ட, மூன்றெழுத்துக்கு மேற்பட்ட ஸ்டிரிங். பாலிசியில் ‘கதிரேசன் நாட் அப்ளிகபிள்’ என்று அச்சாகி வந்தது.

அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த பிறகு, மருத்துவமனைப் பில்லிலும் ஆதாரிலும் உள்ள பெயர் பாலிசியில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லித் தொகையை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரியிடம் ‘ஒன் அண்ட் சேம்’ பிரமாணப் பத்திரம் வாங்கி வரச் சொன்னார்கள். கண்ணில் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, வெயில் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நிலையில், அவர் பாரிமுனைக்கு வந்து உயர் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு நோட்டரியின் முன் நின்று, தான் தானே என்று கையெழுத்திட வேண்டியிருந்தது. பணம் பிறகு வந்துவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு, அது கணினியின் விதி, மாற்ற இயலாது என்ற ஒற்றை வரிதான் பதிலாகக் கிடைத்தது. கணினி எந்த விதியையும் தானாக எழுதிக்கொள்வதில்லை. நம்மைப் போன்ற ஒருவர்தான், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, உங்களுடையதைப் போன்ற ஒரு வரியை எழுதியிருப்பார். அந்த விதி சரியான பெயரைத் தள்ளிவிட்டுப் பொய்யான பெயரை ஏற்றது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

‘எல்லாத் தமிழர்களும் தலைப்பெழுத்தோடுதான் எழுதுகிறார்களா?’ என்று யாராவது கேட்கக்கூடும். இல்லை, தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ முழுதாகப் பின்னால் எழுதுவோர் இன்று ஏராளம், அவர்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கடைசிப் பெயர் இல்லாமல் இருப்பது இந்த மாநிலத்தில் பலருடைய தெளிவான தேர்வு. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தலைமுறைகளாக மக்கள் விரும்பி விட்டொழித்த ஓர் இடத்தை, கட்டாயம் என்ற நட்சத்திரக் குறியோடு ஒரு படிவம் மீண்டும் திறந்து வைத்து நிரப்பச் சொல்வதை என்னால் சிறிய விஷயமாகக் கருத முடியவில்லை. பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதல் எழுத்து என்பதால், அதைக் குடும்பப் பெயரோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் படிவங்களையும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்கும்போது தன் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்தாரா, தந்தையின் பெயரைக் கொடுத்தாரா என்பதைப் பொறுத்து அந்த எழுத்து மாறும் என்பதால், அந்த ஒப்பீட்டை நம் ஊருக்கு நம்ப முடியாது.

அடுத்து, தமிழிலேயே பெயரைத் தட்டச்சு செய்பவர்கள். ‘எந்த மொழி எழுத்தும் வரலாம்’ என்று நினைத்து, ரெஜெக்ஸில் சொல்லெழுத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவைப் போடுவோர் உண்டு. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அது ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். சர்வரில் பயன்படும் பைத்தான் மொழியில் அது யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறை) எழுத்துகளை ஏற்கும். ஆனால் துணைக்கால், கொம்பு, புள்ளி போன்றவை யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘குறி’ வகையில் இருப்பதால், ‘தமிழ்’ என்ற சொல்லையே அது ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். ‘கமலா’ எழுத்துகளால் ஆனதா என்று பைத்தானின் ஈஸ்ஆல்ஃபாவைக் கேட்டால், கடைசியில் உள்ள துணைக்காலைக் காரணமாக வைத்து ‘இல்லை’ என்று பதில் தரும். இதைவிட வருத்தமானது ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும், டிடிபி கடைகளில் இன்றும் புழங்கும் பாமினி எழுத்துருவில் ‘கமலா’ என்று அடித்து ஒட்டினால், உள்ளே போவது எஃப், கே, ஒய், ஹெச் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். ‘ஆங்கில எழுத்து மட்டும்’ என்ற உங்கள் விதி அந்தப் பொருளற்ற நான்கு எழுத்தை மனமார வரவேற்று, யூனிகோடில் முறையாக எழுதிய கமலாவை வாசலிலேயே நிறுத்திவிடும். வேறு காரணத்துக்காகத் தமிழ்ச் சொல்லைச் சோதித்தே ஆக வேண்டும் என்றால், எழுத்து வகையையும் குறி வகையையும் சேர்த்து அனுமதியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் 2018 பதிப்பிலிருந்து, ரெஜெக்ஸின் இறுதியில் யு என்ற கொடியைச் சேர்த்தால் இது முடியும்.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கில் ஐந்து, யூடிஎஃப்-8 பைட்டுகளில் பதினைந்து. திரையில் ஒரு கணக்கும் தரவுத்தளத்தில் வேறொரு கணக்கும் வைத்திருந்தால் பெயர் பாதியில் அறுந்து, புள்ளியை இழந்து நிற்கும். மேலும் ‘பொ’வில் உள்ள குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு. சேமிப்பதற்கு முன் இத்தகைய மாற்று வடிவங்களை ஒன்றாக்கும், யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைச் செய்தால் இது தீரும். ‘கௌரி’யை ளகர எழுத்திட்டுக் ‘கெளரி’ என்று அடிப்பது அதனால் தீராது. கெளுத்தி மீனின் பெயரில் அதே கொம்பும் அதே ளகரமும் முறையாகவே வருவதால், கண்மூடித்தனமாக மாற்றவும் கூடாது. அவர் அடித்ததை அப்படியே வைத்துக்கொண்டு, தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுங்கள்.

எண்களில் நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பயனர் எழுதியதை முதலில் சுத்தம் செய்து, அதன் பிறகு சோதியுங்கள். இடைவெளி, சிறுகோடு, முன்னால் உள்ள சுழியம், +91, தொடர்புப் பட்டியலிலிருந்து ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத திசைக் குறிகள் ஆகியவற்றை நீக்கிய பின், 6 முதல் 9 வரையுள்ள ஓர் இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கம் எஞ்சினால் அது கைப்பேசி எண்ணின் வடிவம். 044-உடன் எட்டு இலக்கம் வந்தால் அது சென்னையின் தரைவழி எண், அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். பைத்தானில் இலக்கத்தைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டி என்பது தமிழ் இலக்கங்களான ௧, ௨, ௩ போன்றவற்றையும் ஏற்கும், ஜாவாஸ்கிரிப்ட்டில் ஏற்காது. ஆகவே சர்வரில் 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதுங்கள். பைத்தானில் உரையின் முடிவைக் குறிக்கும் டாலர் குறி, இறுதியில் உள்ள புதுவரிக் குறியையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதால், முழு உரையையும் ஒப்பிடும் ஃபுல்மேட்ச் பயன்படுத்துங்கள். பின்கோடு 1972 ஆகஸ்டு 15-ல் நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கம், முதல் இலக்கம் சுழியமாக இராது. சென்னையில் பெரியவர்கள் இன்னும் ‘சென்னை – 17’ என்றுதான் எழுதுவார்கள். ஊர் சென்னை என்று தெரிந்தால் 600017-ஆ என்று கேட்டு நிரப்பிக் காட்டலாம். சோழிங்கநல்லூரின் ‘சென்னை – 119’-க்கும் 600119 என்று அது பொருந்தும். இந்த யோசனை என் அப்பாவுடையது.

பாதுகாப்புக்காகத்தான் எழுத்துகளைக் கட்டுப்படுத்துகிறோம் என்று சொல்பவர்கள் இந்தப் பதிலின் கீழ் வருவார்கள் என்று அறிவேன். பெட்டியில் தரவுத்தளக் கட்டளையைத் தட்டி ஏமாற்றும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுப்பது பாராமீட்டர் வைத்த குவெரி, அதாவது பயனர் தட்டியதைக் கட்டளையோடு கலக்காமல் தனியாக அனுப்புவது. திரையில் ஸ்கிரிப்ட் ஓடாமல் தடுப்பது வெளியிடும் இடத்தில் செய்யும் எஸ்கேப்பிங், அதாவது குறிகளைக் கட்டளையாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டுவது. இவை இரண்டும் இருந்தால், சாந்தோமிலும் பெரம்பூரிலும் இருக்கும் டி’சோசாக்களும் டி’குரூஸ்களும் தங்கள் பெயரின் மேற்கோள் குறியைத் துறக்க வேண்டியதில்லை. இவை இல்லாவிட்டால் உங்கள் ரெஜெக்ஸ் உங்களைக் காப்பாற்றப் போவதும் இல்லை. பிரவுசரில் செய்யும் சோதனை பயனரின் வசதிக்கு மட்டுமே என்பதால், சர்வரிலும் அதையே மீண்டும் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய ரெஜெக்ஸில் அடக்கும் ஆசையையும் விடுங்கள். 2016 ஜூலை 20-ல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியதற்கு, வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் எளிய ரெஜெக்ஸ், ஏறத்தாழ 20,000 இடைவெளிகள் கொண்ட ஒரு பதிவில் சிக்கிக்கொண்டதே காரணம். 2019 ஜூலை 2-ல் பல இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் 27 நிமிடம் தடுமாறியதும் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் ஒரு ரெஜெக்ஸால்தான். முதலில் நீளத்தை அளந்துவிட்டுப் பிறகு ரெஜெக்ஸிடம் கொடுங்கள்.

பெயருக்கு ‘முழுப்பெயர்’ என்ற ஒரே பெட்டி வையுங்கள். முன்பின் வெற்றிடத்தை நீக்கிய பின் காலியாக இல்லை, அளவுக்கு மீறி நீளமில்லை, கட்டுப்பாட்டுக் குறிகள் இல்லை என்ற மூன்றை மட்டும் பாருங்கள். மற்ற பெட்டிகளில் ‘தவறான உள்ளீடு’ என்று எழுதாமல், ‘ஐஎஃப்எஸ்சி 11 இடங்கள் கொண்டது, ஒன்று குறைகிறது’ என்று எழுதுங்கள். அவர் தட்டியதை அழித்துவிடாதீர்கள். ஒப்படைக்கும் முன் எஸ். கதிரேசன், ச. கதிரேசன், கமலா, கௌரி, டி’சோசா, உமா என்ற பெயர்களை, தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒவ்வொன்றாக உள்ளிட்டுப் பாருங்கள். எந்த எச்சரிக்கையும் வராமல் சேமிக்கப்பட்டு, திரும்ப எடுத்துப் பார்க்கும்போது ஒரு புள்ளியும் மாறாமல் இருந்தால் படிவத்தைக் கொடுத்துவிடலாம்.