குற்ற உணர்வும் தனிமையும் பேசும் பழைய சிறுகதைகளை வடசென்னை வாசிப்பு வட்டத்தில் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்க வேண்டும். துறைமுகத்திலும் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் உழைத்துவிட்டு வருபவர்களுக்குப் புதுமைப்பித்தனும் ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவும் எதற்கு, இந்தக் குற்ற உணர்வும் அந்நியமாதலும் வயிறு நிறைந்தவர்களின் மனவியாதிதானே என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே பேச்சை நகரின் தென்பகுதியில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் மேடையிலிருந்தே கேட்டு, பாதியில் எழுந்து வந்தவன் நான். கொருக்குப்பேட்டையில் பிறந்து தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உளவியல் படித்தவன் அல்லன்; ஆகவே கோட்பாடு தெரிந்தவர்கள் என் சொற்களில் பிழை காணக்கூடும். ஆனால் இந்தக் கதைகளை எங்கள் தெருக்காரர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியவன் என்ற முறையில் சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுவோம். ஒருநாள் 1943-இல் வெளியான புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைப் படித்தேன். சொந்த ஊரை விட்டு வந்து சென்னையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி, நெடுநாள் நோய்க்குப் பிறகு, உறவினர் ஒருவரும் அருகில் இல்லாத நிலையில் இறந்துபோகிறாள். ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த தவிட்டு முடிப்பை எட்ட வைத்துவிட்டு, அவர் அவளுடைய இமைகளை மூடுகிறார். கைகளை மடித்து நெஞ்சின்மேல் வைக்கிறார். கோணியிருந்த காலை நிமிர்த்துகிறார். அப்போது அவர் மனத்தில் துக்கம் கரைபுரண்டு வரவில்லை. சுமை இறங்கிய நிம்மதி வருகிறது. அதற்காக ஆசிரியர் அவரைக் கண்டிக்கவுமில்லை, அவருக்காக வாதாடவுமில்லை.

பெரம்பூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வழக்கமாகச் சுவரோரம் உட்கார்ந்து கேட்பார். கருத்து எதுவும் சொல்ல மாட்டார். படுக்கையில் கிடந்த மனைவியைப் பல ஆண்டுகள் தாமே பார்த்துக்கொண்டவர். அன்று அவர், “அந்தக் கால நிமித்தி வெச்ச எடத்த இன்னொரு தபா படி சார்” என்றார். படித்தேன். “நானும் அப்டித்தான் வெச்சேன். அப்பாடான்னு இருந்துச்சு சார். அத யாராண்ட போயி சொல்றது? பெத்த புள்ளையாண்ட சொல்ல முடியுமா?” என்றார். மருந்து வாசனையும் இரவு விழிப்புமாகப் போன அந்த ஆண்டுகளைப் பற்றி அதன்பின் அவர் பேசப் பேச, வழக்கமாக ஏழு மணிக்குக் கலையும் கூட்டம் அன்று கலையவே இல்லை. தம் உள்ளத்தில் வந்துபோன ஒரு நிம்மதிக்காகத் தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டு, அதை ஒளித்து வைத்ததாலேயே பிள்ளைகளிடமிருந்தும் விலகிப்போயிருந்த மனிதர் அவர். மனவியாதி என்று உங்கள் நண்பர் இதைத்தான் சொல்கிறாரா?

குற்ற உணர்வு என்றதும் கொலையும் கொள்ளையும் நினைவுக்கு வருவது இயல்பே. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட ஒரு கதையில், கொன்றவனின் காதில் தரைப்பலகைக்கு அடியிலிருந்து இறந்தவனின் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். ஆயினும் சட்டப்படி எந்தத் தவறும் செய்யாதவரின் குற்ற உணர்வை எழுதுவதுதான் அரிது என்பது என் எண்ணம். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில் அகலிகைக்கு மன்னிப்பு கிடைத்துவிடுகிறது, ஆனால் ஊர் மன்னிக்கவில்லை, அவளாலும் இயல்பாக வாழ முடியவில்லை. சீதையிடமும் தீக்குளித்து நிரூபிக்கக் கேட்டான் ராமன் என்று அறிந்ததும் அவள் மீண்டும் கல்லாகிறாள். தனக்கு நீதி வழங்கியவனே இன்னொருத்திக்கு அதை மறுத்தால், மன்னிக்கப்பட்டவள் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வாள்? இதை எங்கள் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காஃப்காவின் 1915-ஆம் ஆண்டுக் கதையான ‘உருமாற்ற’மும் அப்படித்தான். கிரிகோர் சாம்சா காலையில் பூச்சியாகக் கண்விழிக்கிறான். ஆனால் உடல் மாறியதைவிட, ஐந்து மணி ரயில் போய்விட்டதே என்றுதான் பதறுகிறான். பெற்றோர் முதலாளியிடம் பட்ட கடனுக்காக உழைப்பவன் அவன். கும்மிடிப்பூண்டி ரயிலைத் தவறவிட்டால் அரைநாள் கூலி போகும் ஒருவருக்கு அந்தப் பதற்றம் புரியாதா? சம்பாதித்தவரை மகனாக இருந்தவன், அது நின்றதும் அறைக்குள் பூட்டி வைக்க வேண்டிய சங்கடமாகிறான். வேலையில் அடிபட்டு வீட்டோடு முடங்கியவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்கள் திண்ணைக்குக்கூட வராததற்குக் காரணம் உடல்வலி மட்டும் என்று நான் நம்பவில்லை.

திரைப்படங்களில் வடசென்னை என்றால் கத்தி, குத்துச்சண்டை, கானா. எங்களுக்குக் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குள்ளே ஒரு மனச்சாட்சி விழித்துக்கொண்டு உறக்கத்தைக் கெடுக்கும் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. உங்கள் நண்பர் நல்ல நோக்கத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் உழைப்பவருக்கு வீரக்கதை போதும் என்று முடிவு செய்வதும் அவமதிப்புதான்.

தொடக்கத்துக்குக் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ பொருத்தமாக இருக்கும். மற்றக் குழந்தைகளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காத சாரங்கன், தானே ஒரு டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்லும் இடத்தை வேகமாகப் படித்துவிடாதீர்கள். ‘செல்லம்மா’ளை அடுத்த கூட்டத்தில் வையுங்கள். படிப்பதற்கு முன்னால் முன்னுரை வேண்டாம்; படித்து முடித்ததும் நீங்களே முதலில் பேசவும் வேண்டாம். காஃப்கா நீளமானவர், ஒரே மாலையில் முடியாது, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.