கரண்ட் பில் இவ்வளவு வரலாமா? வாசகர் கேள்வி-பதில்

கோடை முடிந்தால் போதும், மின் கட்டணம் பற்றிய கேள்விகள் வரிசையாக வந்துவிடும். கீழே வரும் கணக்கெல்லாம் தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் மாறிய வீட்டுக் கட்டணத்தை வைத்துப் போட்டவை. 2025 ஜூலையில் வந்த உயர்வு வீடுகள் மேல் ஏற்றப்படவில்லை.

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். போன முறை 1,679 ரூபாய் வந்த பில் இந்த முறை 2,544. புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. ரீடிங் எடுப்பவர் பத்து நாள் தாமதமாக வந்தார், அவ்வளவுதான். மீட்டர் கெட்டுவிட்டதா? பக்கத்து வீட்டில் 1,200தான் வந்திருக்கிறது. இரண்டு பில்லையும் இணைத்திருக்கிறேன். – வாசகி, மதுரை

பதில்: முதலில் பக்கத்து வீட்டு பில்லை விட்டுவிடுங்கள் அம்மா. அங்கே பகலில் யார் இருக்கிறார்கள், ஃபிரிட்ஜ் எத்தனை வருடப் பழசு, மோட்டார் யார் கணக்கில் ஓடுகிறது, எதுவும் நமக்குத் தெரியாது. ரூபாயையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, யூனிட்டை நாட்களால் வகுத்துப் பாருங்கள். போன முறை 60 நாளில் 480 யூனிட், இந்த முறை 70 நாளில் 560. இரண்டுமே நாளுக்கு 8 யூனிட்தான். உங்கள் வீட்டுப் பழக்கம் மாறவில்லை, மீட்டரும் தாறுமாறாக ஓடவில்லை.

பில் ஏறியதற்குக் காரணம், 500ஐத் தாண்டியது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 501 ஆனதும் அந்த 2.35 சலுகை போய்விடும், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும். 500க்கு மேல் 600 வரை 8.40, அதன்பின் 800 வரை 9.45. கூட்டிப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! இது எனக்கு நியாயமாகவே படவில்லை, ஆனால் கட்டண அமைப்பு அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த முறை ரீடிங் எடுப்பவர் சரியான தேதிக்கு வந்தால் உங்களுக்கு 50 நாள் கணக்குதான் வரும், 400 யூனிட், 1,175 ரூபாய். அதைப் பார்த்து 'சரி, குறைந்துவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். ஒழுங்காக 60, 60 நாள் எடுத்திருந்தால் இரண்டு பில்லும் சேர்த்து 3,358 கட்டியிருப்பீர்கள், இப்போது 3,719 ஆகிறது. உங்கள் தப்பு ஒன்றுமே இல்லாமல் 361 ரூபாய் போகிறது. அதனால் அறுபதாவது நாள் ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை என்றால் மீட்டரில் தெரியும் எண்ணைத் தேதியோடு போனில் படம் எடுத்து வையுங்கள். 94987 94987 என்ற மின்வாரியப் புகார் மைய (மின்னகம்) எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் உங்கள் பிரிவு அலுவலகத்தில் பில்லையும் படத்தையும் வைத்து எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது.

480 என்பது அந்த 500 கோட்டுக்கு மிகப் பக்கம், கொஞ்சம் இடைவெளி வேண்டும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும், நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி (BLDC) ஃபேனாக இருந்தால் 29 யூனிட்தான். அதிகம் ஓடுகிற ஹால் ஃபேனை மட்டும் மாற்றினாலே 40 யூனிட்டுக்கு மேல் கையில் நிற்கும்.

மீட்டர் மேல் சந்தேகம் தீரவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும், அது சும்மா இருக்க வேண்டும். மின்னினால் எங்கோ கரண்ட் போகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இப்படிப் பார்க்கப் போய்த்தான், நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான தண்ணீர் மோட்டாரை எங்கள் மீட்டரில் கொடுத்து வைத்திருந்தது தெரிந்தது. எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது, மாடியில் மோட்டார் சத்தம் நின்ற நொடியில் அதுவும் நின்றது. ஒரு எச்பி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 60 யூனிட். அத்தனை காலம் அதற்கு நாங்கள்தான் கட்டியிருக்கிறோம்.

மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்று பார்க்க அயர்ன் பாக்ஸ் போதும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருக்கும், உதாரணத்துக்கு 3200. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு, சூடேறும் முதல் நிமிடத்தில் எண்ணினால் ஐம்பதை ஒட்டி வரவேண்டும். எழுபது, எண்பது வந்தால் கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லி மனு கொடுங்கள்.

கேள்வி: மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், சப் மீட்டர் போட்டிருக்கிறார்கள். ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மாதம் 110 யூனிட், 990 ரூபாய். இது கொள்ளை இல்லையா? – வாசகர், தாம்பரம்

பதில்: உங்களுக்கென்று தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதம் 220 யூனிட்டுக்கு 329 ரூபாய்தான் வரும். நீங்கள் கட்டுவது 1,980. கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ஓனர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பார்க்காமல் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அவர் குடும்பம் 400 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக இருந்தால் அவருக்கு 1,175 ரூபாய். உங்கள் 220ம் அதே இணைப்பில் சேர்ந்தால் 620 யூனிட், 3,069 ரூபாய். நீங்கள் வந்ததால் அவருக்குக் கூடியது 1,894, யூனிட்டுக்கு 8.61 ரூபாய். அவர் 9 ரூபாய் கேட்பது அங்கிருந்து வந்திருக்கலாம். பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் இந்தக் கணக்கில் 4.95 வரும், அதன்படி உங்கள் பங்கு 1,089. இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தத் தொகைக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போது அவர் பங்கு 1,980 ஆகிவிடும், வாடகைக்கு விட்ட குற்றத்துக்கு அவர் ஏன் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று கேட்பார்.

இதற்கு ஒரே நல்ல வழி, தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள மாடிக்கு ஓனர் தனி இணைப்பு வாங்குவதுதான். இருவருக்கும் சேர்த்து 3,069 கட்டுகிற இடத்தில் 1,504 ஆகிவிடும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், சண்டையாகப் போடாமல் பேச்சாகப் பேசுங்கள்.

கேள்வி: பில்லில் கூடுதல் வைப்புத் தொகை என்று ஒரு தொகை சேர்த்திருக்கிறார்கள். இது என்ன புதுச் செலவு? – வாசகர், சேலம்

பதில்: அது செலவில் சேராது, உங்கள் டெபாசிட். உங்கள் பயன்பாடு கூடியதால் கேட்கிறார்கள். அதற்கு வட்டி உண்டு. பயன்பாட்டுக் கட்டணத்தோடு சேர்த்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: சிலிண்டர் 45 நாள் வரும், இப்போது 32 நாளில் தீர்ந்துவிடுகிறது. சமையல் அதேதான். கொண்டு வருபவர் ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் கேட்கிறார், அதுவும் சரியா? – வாசகி, ஈரோடு

பதில்: 14.2 கிலோவை 45 நாளால் வகுத்தால் நாளுக்கு 316 கிராம், 32 நாளால் வகுத்தால் 444. சமையல் மாறாமல் இவ்வளவு வித்தியாசம் வரக்கூடாது. அடுத்த சிலிண்டர் வந்ததும் கையெழுத்துப் போடுமுன் எடை போடச் சொல்லுங்கள். காலி எடை சிலிண்டரின் மேல்பகுதியில் எழுதியிருக்கும். 15.3 என்றிருந்தால் மொத்தம் 29.5 கிலோ காட்ட வேண்டும். தராசு கொண்டு வருவது அவர்கள் கடமை, நீங்கள் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. கிலோ கணக்கில் குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

எடை சரியாக இருந்தால் குறை அடுப்பில். தீ நீலமாக எரிகிறதா, நுனியில் மஞ்சள் அடிக்கிறதா? பாத்திரத்தின் அடி கருத்தால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன, கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள். ரப்பர் டியூபிலும் ரெகுலேட்டர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல், வெளியே வந்து 1906ஐக் கூப்பிடுங்கள். பணத்தை அப்புறம் பார்க்கலாம்.

அந்த 50 ரூபாய்: பில்லில் உள்ள விலையிலேயே வீட்டுக்குக் கொண்டு தருவதும் அடக்கம். மேலே தர வேண்டியதில்லை. மூன்று மாடி தூக்கி வருகிறவருக்கு நீங்களாக விரும்பித் தந்தால் அது வேறு, கேட்டு வாங்க அவருக்கு உரிமை இல்லை.

கேள்வி: கேஸை விட இண்டக்‌ஷன் அடுப்பு மலிவு என்கிறார்களே, உண்மையா? – வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கரண்ட் பில் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சிலிண்டர் தரும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய சுமார் 140 யூனிட் ஆகும். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868.50 ரூபாய் ஆனது. உங்கள் கூடுதல் யூனிட் 4.70 அடுக்கில் விழுந்தால் 658 ரூபாயில் முடியும், இண்டக்‌ஷன் லாபம். 6.30 அடுக்கில் 882, கிட்டத்தட்ட சமம். 8.40க்குப் போய்விட்டால் 1,176, கேஸ்தான் மலிவு. ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் இண்டக்‌ஷன் வைத்தால், முதல் கேள்வியில் சொன்ன அந்த 500ஐத் தாண்டி, சலுகையும் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்டுக்குள் இருக்கும் சின்னக் குடும்பமா, தாராளமாக வாங்குங்கள். ஏசி ஓடும் வீடா, டீ போடவும் வெந்நீர் வைக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சோறும் குழம்பும் கேஸிலேயே இருக்கட்டும்.